காத்திருத்தலின் அறம்

பொறுமை நற்பண்பு என்பதும் பொறுமையின்மை குறைபாடு என்பதும் ஆராயாமலே ஏற்றுக்கொள்ளப்படும் கருத்துக்கள். எனினும், எதன்பொருட்டுப் பொறுத்தல், எவர்முன் பொறுத்தல் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து இக்கருத்து அத்துணை எளிதன்று என்பது புலப்படும். இவ்வினாக்களை அறநூல்களில் மாத்திரமன்றி ஒரு வீட்டுத்தோட்டத்திலும் ஆராய இடமுண்டு.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி மலையேற்றத்தை முடிக்கும் இடம் கடுகண்ணாவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூரின் சரிவுகளில் பலாவும் கமுகும் கராம்பும் மிளகும் கோப்பியும் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளரும் வீட்டுத்தோட்டங்கள் பல. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் பனி உருகி வசந்தம் வருவதற்குக் காத்திருப்பார். இங்கோ அத்தகைய பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. மாசி மாதத்து வறட்சி முடியப் பங்குனி, சித்திரை மாதங்களிற் பிற்பகல் வேளைகளில் இடியுடன் பொழியும் இடைப்பருவ மழையே இத்தோட்டங்களின் வசந்தம் எனலாம்.

அம்மழை பிந்தும் ஆண்டில் தோட்டக்காரரின் மனம் படும் பாடு சொல்லுந்தரமன்று. நண்பகல் கடந்ததும் அலகல்லை மலைமீது முகில் திரள்கின்றதா என அவர் பார்ப்பார். பாத்தி கட்டியாயிற்று, எருவும் இட்டாயிற்று. ஒருநாட் தூறலை நம்பிப் போஞ்சி விதைகளை ஊன்றிவிடுவார். அடுத்த வாரத்து வெயிலில் முளைகள் கருகிவிடும். பிழை மழையினதன்று, தமது விருப்பத்தையே பருவமாக எண்ணிய மனத்தின் பிழை அது.

அதே தோட்டத்தின் வேலியோரத்துக் கோப்பிச்செடி வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அதன் மொட்டுக்கள் ஓரளவு வளர்ந்தபின் உறங்குநிலை எய்துகின்றன. வறட்சிக் காலத்து நீர்க்குறைவே அவற்றை மலர்ச்சிக்கு ஆயத்தஞ் செய்கின்றது. அதன்பின் வரும் முதல் நல்ல மழை உறக்கத்தைக் கலைக்க, ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்களிற் செடி முழுவதும் மல்லிகை மணத்துடன் வெண்மையாகப் பூத்துவிடும். வறட்சியே இல்லாது எந்நாளும் ஈரம் கிடைக்கும் இடத்திலோ பூப்பு ஒருங்கே நிகழாது சிதறிப்போகின்றது. எனவே, தோட்டக்காரர் வீணாய்க் கழிந்தனவாக எண்ணிய நாட்கள் செடிக்கு வீணானவையல்ல. காத்திருத்தல் என்பது நிகழ்ச்சிக்கு முந்திய வெறுமை மாத்திரமன்று. சிலவேளைகளில் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே அதுவாகும்.

இவ்வுண்மையை மனித உறவுகளுக்கும் அவ்வாறே பொருத்தலாமா? ஈண்டுதான் எச்சரிக்கை வேண்டும். கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தில் நிற்பவர் புகையிரதம் பிந்தினாலும் சினப்பார். மழை பிந்தினாலும் சினப்பார். இரு சினங்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. ஆயின் புகையிரதத்தின் தாமதத்துக்குக் காரணங் கேட்க ஒருவர் உளர். மழையிடம் காரணங் கேட்பார் யார்? விரைய இயலாததன்முன் பொறுத்தல் அறிவு. விரைய இயன்றும் விரையாதாரின்முன் அதே பொறுமையை அறமெனப் போற்றுவது அநீதிக்குத் துணைபோவதாக முடியலாம்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளின் வரலாறே இதற்குச் சான்று. 1820களில் இங்குக் கோப்பித்தோட்டங்கள் தொடங்கின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அவற்றிற்காகக் காடு வெட்டினர். 1869இல் இனங்காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் தேயிலையை வளர்த்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்தம் வழியினருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. இந்த 55 ஆண்டுகளும் எந்த மொட்டையும் முதிர்விக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பண்படுத்திய இம்மக்களுள் பெருந்தொகையானோர், லயன் அறைக்கு முன்னுள்ள கீரைப்பாத்தியைத் தமதென்று கூறும் உரித்தின்றி இன்றும் வாழ்கின்றனர்.

குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லை. கொன்றை பூத்தமை கண்டு தலைவி கலங்குகிறாள். தோழியோ, பெய்தது காலமல்லாக் காலத்து மழையென்றும் அதனைக் காரென மயங்கிப் பூத்த கொன்றை அறிவற்றதென்றும் கூறி அவளை ஆற்றுவிக்கிறாள். தோழியின் சொல் அன்பிற் பிறந்தது. ஆயினும் அதே சொல்லை அதிகாரம் தன் வாயிற் கொள்ளும்போது அதன் இயல்பு மாறிவிடுகின்றது. “இன்னும் காலம் வரவில்லை” என்பார் கூற்றை ஏற்குமுன் கொன்றை பூத்துவிட்டதா என நோக்குவது கேட்போர் கடமையாகும்.

இயற்கையின் தாமதம், மனிதரின் தாமதம் என்னும் இப்பாகுபாடும் இன்று முற்றிலும் தெளிவானதன்று. மனிதச் செயல்களாற் புவி வெப்பமடைந்து வருவதாலே மழையின் ஒழுங்கும் உலகெங்கும் மாறி வருகின்றது. பிந்தும் மழையொன்றின் பின்னணியில் மனிதர் கையும் இருத்தல் கூடும். ஆதலின் வானை நோக்கிப் பொறுத்திருப்பவரும் மண்ணை நோக்கிக் கேள்வி கேட்க வேண்டியவராகின்றார்.

அனுபவமிக்க தோட்டக்காரர் மழை பிந்தும் நாட்களிற் சும்மா இருப்பதில்லை. வேரடியைச் சருகால் மூடி ஈரங் காக்கிறார், வடிகாலைத் துப்புரவாக்குகிறார், இளங்கன்றுகளுக்கு மாத்திரம் வாளியில் நீர் சுமக்கிறார். தம்மால் இயல்வதைச் செய்கிறார். மழையின் பணியை மழைக்கு விடுகிறார். அவர் அயலவரின் கிணற்றுநீருக்கு வழிமறிக்கப்பட்டாலோ, அதனை வானிலை என்று எண்ணி அவர் வாளாவிருக்கமாட்டார். எதற்குக் காத்திருப்பது, எதற்குக் காத்திருக்க மறுப்பது எனப் பகுத்தறியும் இவ்வாற்றலோடு கூடியபோதே பொறுமை அறமாகின்றது.