மிசோ தொட்டியில் கிடந்த துணி

டோக்கியோவில் பர்ஸைத் தொலைத்தவர் நேரே போவது தெருமுனைக் காவல் சாவடிக்கு. ‘கோபான்’ என்பார்கள். ஒரு சின்ன அறை, வாசலில் சிவப்பு விளக்கு, சுவரில் பேட்டை வரைபடம். பல நேரம் பர்ஸ் பணத்தோடு அங்கே வந்து சேர்ந்திருக்கும். கண்டெடுத்தவர் அதன் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கலாம். மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால் பொருளே அவருக்கு.

நம் பக்கத்தில், “எங்க குடும்பத்துல யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதில்ல” என்பது பெருமைப் பேச்சு. செல்போன் திருடு போனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். கொடுக்கப் போனாலும் எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்புவது உண்டு.

ஆகவே போலீஸை நம்புகிற சமூகம் உயர்ந்தது, நாமும் நம்பப் பழக வேண்டும் என்று சொல்லிவிடலாமா? மேடைதோறும் அதிகாரிகள் கேட்பது அதைத்தான்.

அதே ஜப்பானில், 1966-இல் ஷிசுவோகா பகுதியில் மிசோ ஆலை நிர்வாகி ஒருவர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். நான்கு உயிர்கள். ஆலைத் தொழிலாளியும் முன்னாள் குத்துச்சண்டை வீரருமான இவாவோ ஹக்கமடா பிடிபட்டார். குற்றம் சாட்டும் முன் அங்கே ஒருவரை 23 நாள் வரை பிடித்து வைக்கலாம். ஹக்கமடா ‘ஒப்புக்கொண்டார்’, நீதிமன்றத்தில் மறுத்தார். கொலை நடந்து 14 மாதம் கழித்து மிசோ தொட்டிக்குள்ளிருந்து இரத்தக் கறை படிந்த ஐந்து துணிகள் வெளிவந்தன. 1968-இல் தூக்குத் தண்டனை. ஓராண்டுக்கு மேல் மிசோவில் ஊறிய இரத்தக் கறை எப்படிச் சிவப்பாகவே இருக்கும்? சமையலறையில் நிற்கும் யாருக்கும் தோன்றக்கூடிய இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 2024 செப்டம்பர் வரை ஆயிற்று. சாட்சியங்கள் புனையப்பட்டவை என்று சொல்லி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தபோது அவருக்கு வயது 88. மாகாணக் காவல் தலைவர் வீடு தேடி வந்து தலை வணங்கினார்.

பர்ஸைத் திருப்பித் தரும் போலீஸும், துணியை ஜோடித்த போலீஸும் ஒரே நாட்டில்தான் இருந்தார்கள். மக்களின் நம்பிக்கை ஹக்கமடாவுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. போலீஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அவரை இன்னும் ஆழமாகப் புதைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தியச் சட்டமோ போலீஸை நம்பவில்லை. வரி வசூலிலும் விசாரணையிலும் சித்திரவதை நடந்ததைச் சென்னை மாகாணத்தில் 1855-இல் ஓர் ஆணையமே உறுதி செய்தது. போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. அவமானமாகத் தோன்றலாம், இருந்தாலும் நியாயமான விதி.

அவநம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் ஏழைகள். வசதியுள்ளவருக்குக் கூட வர ஒரு வக்கீலோ கவுன்சிலரோ இருப்பார். புருஷனிடம் அடி வாங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் உள்ளே போகாமலே திரும்பினால், அதைக் குடிமக்களின் விழிப்புணர்வு என்று யாரும் கொண்டாட முடியாது. ஆனால் அந்தத் தயக்கம் அவள் செய்த தப்பல்ல. அவளிடம் போய் ‘நம்பு’ என்று கேட்பது அறமாகாது. தன்னைச் சோதிக்க இடம் கொடுத்த பிறகுதான் ஒரு காவல் துறைக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை வரும்.

2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டுப் பின்னர் இறந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். அன்றிரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். சொன்ன பிறகு, அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.