விளக்குக்குக் கடன்பட்டவர் யார்?

2022 அக்டோபர் முதல் நாள் இரவு புதுச்சேரியின் பல பகுதிகள் இருண்டு கிடந்தன. மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுக்கும் முடிவை எதிர்த்து மின்துறை ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கரண்ட் இல்லாத தெருக்களில் ஜனங்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். மின்துறை மக்கள் சொத்து என்பது ஊழியர்களின் வாதம். மறியல் செய்தவர்களும் அதே மக்கள்தான். ஆனால் சொத்துக்காரர்களாக அவர்கள் அங்கே உட்காரவில்லை. பில் கட்டியும் பண்டம் வந்து சேராத வாடிக்கையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் சொத்துக்காரர்களா, வாடிக்கையாளர்களா என்பதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கும். அறம் என்ன சொல்லும்? பொதுவில் எரியும் விளக்கின் வெளிச்சத்தில் இருப்பவன் அந்த விளக்குக்கு ஏதாவது கடன்பட்டவனா?

கடனே இல்லை என்று சொல்லும் மரபு பக்கத்திலேயே இருக்கிறது. வடலூர் தருமசாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வருபவரிடம் அங்கே யாரும் ஊரும் கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. உண்டவர் எழுந்து போகலாம். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர்; நடுவில் இருப்பது கருணை மட்டும்.

சோழர் காலக் கோயில் விளக்கு வேறு வழியில் எரிந்தது. அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடுகளைத் தானமாக விடுவார்கள். பல ஊர்களில் தொண்ணூறு ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் கணக்கு இன்னும் துல்லியம்: 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு எந்தக் கையளவும் ஆகிவிடக் கூடாதென்று ஆடவல்லான் என்ற பெயரில் அளவையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகத்தான் செய்யும், ஆனால் கணக்கில் சாகாது. குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி வைப்பது இடையர் பொறுப்பு. தானம் கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. விளக்கை எரியவைத்ததென்னவோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த அந்த நெய்க் கடன்தான். பக்தியை மட்டும் நம்பி யாரும் திரியைக் கொளுத்திவிட்டுப் போகவில்லை.

கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே ஆகிவிட்டால் என்ன நடக்கும்? தெலங்கானாவின் சிரிசில்லா அரை நூற்றாண்டாக அதைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறது. கிராம மின்மயக் கழகம் 1969-இல் பிறந்த கையோடு நாட்டில் ஐந்து மின் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. விசைத்தறி ஊரான சிரிசில்லாவின் சங்கம் அவற்றில் ஒன்று. மின் இணைப்பு வைத்திருக்கும் உறுப்பினர்களே வாக்களித்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 டிசம்பரில் நடந்த தேர்தலில் கட்சிகள் மல்லுக்கட்டியதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். முகம் சுளிக்க அதில் ஒன்றுமில்லை. தங்கள் லைன்மேனுக்கு மேலே யார் உட்கார வேண்டும் என்று சண்டை போடுவதும் ஒரு வகை அக்கறைதான்.

உறுப்பினர்களுக்குச் சொந்தமாக இருந்தால் மட்டும் போதும் என்பதற்கில்லை. அந்த ஐந்தில் இன்னொன்று மகாராஷ்டிரத்தின் முளா பிரவரா. மாநில மின்வாரியத்துக்குப் பெரும் பாக்கி வைத்து, 2011-இல் விநியோக உரிமத்தை இழந்தது. உறுப்பினர் எல்லோருக்கும் அது சொந்தம்தான். உழக்கு நெய் அளக்கத்தான் ஆளில்லை.

புதுச்சேரிக்குக் கூட்டுப் பொறுப்பு புதிதல்ல. இங்குள்ள 84 ஏரிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு சீரமைத்தபோது ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. ஏரிக்கு முடிந்தது மின்கம்பிக்கு ஏன் முடியவில்லை? பாகூர் ஏரியின் கரை உடைந்தால் எந்த வயல் மூழ்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மின்சாரமோ, காரைக்காலின் சிறிய எரிவாயு நிலையம் தவிர, நெய்வேலி முதலான வெளி நிலையங்களிலிருந்து விலைக்கு வருகிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் இருப்பது ஹரியானாவின் குருகிராமில். தன் விளக்குக்கு நெய் அளப்பவரைப் புதுச்சேரிக்காரர் கண்ணால் பார்க்கவே வழியில்லை.

இருந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. கட்டண மாற்றத்துக்கு முன் ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்துகிறது. மின் இணைப்பு உள்ள எவரும் போய்ப் பேசலாம். சிரிசில்லாக்காரருக்கு வாக்குச் சீட்டு தரும் பலம் அதற்கு இல்லை. ஆனால் துறை வாங்கிய மின்சாரம் எவ்வளவு, வழியில் இழந்தது எவ்வளவு, வசூலாகாமல் நிற்கும் பாக்கி எவ்வளவு, அதில் அரசு அலுவலகங்களின் பங்கு எவ்வளவு என்று பெயர் சொல்லி எழுந்து நின்று கேட்க அங்கே இடமுண்டு.