தோளுக்கு ஓய்வு மட்டும் போதாது

நாள் முழுக்க சீலிங்குக்கு ரோலர் ஓட்டும் பெயின்டரைக் கேட்டால் சொல்வார்: கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுருக்கென்று பிடிக்கும், அதைத் தாண்டிவிட்டால் வலி குறையும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரிக்குள் வரும் இந்த வலி, பெரும்பாலும் தோளைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்களில் தொடங்குவது. தாங்கும் அளவை மீறி அவற்றுக்கு வேலை கொடுத்திருக்கிறோம்.

மேலேயுள்ள எலும்பு நாணில் உரசுவதே காரணம் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதினார். அந்த எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் 313 பேரிடம் அதைச் சோதித்து, 2018-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் தைத்தவர்களுக்கும் ஆறு மாதத்தில் வித்தியாசமே இல்லை! செதுக்குவதால் தனிப் பலன் இல்லையென்றால், கத்தியில்லாத வழியை முதலில் முயல்வதே நியாயம்.

அந்த வழி என்ன? முதலில், தலைக்கு மேலே கை போகும் வேலையைச் சில வாரம் குறைக்க வேண்டும். பெயின்டருக்கு நீளமான கம்பு, உயரமான சாரம். ஆனால் கையைத் தொங்கப்போட்டே வைத்திருப்பது தவறு. நாண், சுமை ஏற ஏறத்தான் பலப்படும். வலியில்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலேயுள்ள கையின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி முன்கையை மட்டும் மெதுவாக மேலே தூக்கி இறக்கலாம். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையும் வலி கூடுதலாகவே இருந்தால் சுமையைக் குறையுங்கள். பலன் தெரிய பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். பலர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாதவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. வலி மாத்திரையும் அப்படித்தான். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கிப் போடவே கூடாது.

இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை ஏறவில்லையென்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். அதற்குச் சிகிச்சை வேறு. கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தாலோ, பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.