விரல் போனதற்கு விதியா பொறுப்பு?

ஆயுத பூஜையன்று கோவையின் சின்னச் சின்னப் பட்டறைகளைப் பாருங்கள். பவர் பிரஸ் ஒவ்வொன்றும் துடைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து நிற்கும். வாசலில் திருஷ்டிப் பூசணி உடையும். மறுநாள் வேலை தொடங்கும்போது, தகட்டை அழுத்தும் அச்சான டைக்கு முன்னால் இருக்க வேண்டிய பாதுகாப்புக் கூண்டு பல இடங்களில் மூலையில் கிடக்கும். மாட்டினால் ஷிப்டுக்கு இத்தனை பீஸ் குறையும் என்பதால் கழற்றியிருப்பார்கள். தொழிலாளி கையை உள்ளே விட்டுத் தகட்டை வைக்கிறான், காலால் பெடலை மிதிக்கிறான். கை வெளியே வருமுன் பிரஸ் இறங்கினால் விரல் போயிற்று.

அதன் பிறகு வருவதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. "நேரம் சரியில்லை", "ஏழரைச் சனி", "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்கிறார்கள். கட்டுப்போட்ட கையோடு கிடப்பவனின் தாயும் அதையே சொல்கிறாள். கூண்டைக் கழற்றியது மனிதன். கழற்றச் சொன்னது லாபக் கணக்கு. நாம் விதி என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு முதலாளியின் கடன் தள்ளுபடியாகிறது.

கடன் என்றுதான் சொல்கிறேன். 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் (இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது) முதலாளி தவறு செய்தாரா என்று கேட்பதில்லை. காயம் வேலையால், வேலையின்போது நேர்ந்ததா என்றே பார்க்கிறது. தொழிலாளியே கூண்டை வேண்டுமென்று கழற்றியிருந்தாலும், உயிரோ முழு உழைப்புத் திறனோ போய்விட்டால் அந்தச் சாக்கைச் சொல்லித் தப்ப முடியாது. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் உழைப்புத் திறனில் 14 சதவீத இழப்பு, கட்டை விரலுக்கு 30. இ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாத பட்டறையில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயது இளைஞனுக்கு, அந்த ஓர் ஆட்காட்டி விரலுக்கு வர வேண்டியது 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய்.

கைக்கு வருவதோ ஆஸ்பத்திரிச் செலவும், ஒரு கவரில் சில ஆயிரமும், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிய தாளில் ஒரு கையெழுத்தும். அந்தத் தாள் சட்டப்படி செல்லாது. ஆனால் குடும்பம் "முதலாளி கைவிடலை, பெரிய மனசு" என்று கும்பிடுகிறது. தனக்குச் சேர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நிலையில் நன்றி சொல்ல வைத்ததுதான் நம் பண்பாடு செய்த பெரிய அநியாயம்.

சாவிலும் இதே கதை. உடலை வாங்குமுன் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து "பேசி முடிக்கிறார்கள்". இறந்தவருக்கான இழப்பீட்டை அதற்குரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்பது சட்டம். நேரில் கொடுத்த பணம் இழப்பீடாகவே கருதப்படாது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் அரசு அறிவிக்கும் நிவாரணம் மக்கள் பணம். அதனால் ஆலைக்காரரின் கடன் தீராது.

விபத்திலாவது ரத்தம் தெரியும். கல் உடைத்து, தூளை மூச்சில் இழுத்து, நாற்பது வயதில் மாடி ஏற முடியாமல் நிற்பவனிடம் "பீடியை விடு" என்கிறோம். காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதற்கும் இழப்பீடு உண்டு. ஆனால் இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தாய் என்று அவனைக் கேட்டு, அந்தப் பதிலை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுத யாரும் இல்லை.