வீழ்ந்த இடமும் விளைந்த இடமும்

கண்ட காரியத்தைக் கொண்டு காணாத காரணத்தை எவ்வளவு உறுதியாக அறியலாம் என்பது சைவ சித்தாந்த அளவையியலின், அதாவது அறிவு பிறக்கும் வழிகளை ஆராயும் பகுதியின், அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அவ்வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதலின்பாற்படும். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசுவரக் கோயிலின் செதுக்கிய தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையின் அடிக்கடலில் கண்டபோது, தூண்கள் காட்சிக்கும் அவை தாங்கிய கோயில் கருதலுக்கும் உரியனவாயின. எனினும் தூண் கிடந்த இடம் அது நின்ற இடமன்று.

இவ்வேறுபாடு, அதே மாவட்டத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கற்பிக்கப்படும் கணினியியலுக்கும் பொருந்தும். மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில், வலையமைப்பு அடுக்கு, அதாவது தரவைத் துண்டுகளாக்கி அனுப்பிப் பெறும் பகுதி, நிலைகுலைந்தால் கேர்னல் எனப்படும் அதன் கருப்பகுதி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, எந்த வரியில் நின்றது என்ற தடத்தை விட்டுச்செல்கிறது. அத்தடம் வீழ்ந்த இடத்தைச் சொல்லுமேயன்றிப் பிழை விளைந்த இடத்தைச் சொல்லாது.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2019 ஜூனில் வெளிப்படுத்திய குறை இதற்குத் தக்க சான்றாகும். அனுப்பிய துண்டுகளுள் எவை வந்தன என்று மறுமுனை தெரிவிக்கும்போது, லினக்ஸ் அவற்றை ஒரே தாங்கியில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், சேர்த்து எண்ணிக்கையை 16 பிட் இடத்தில் எழுதுகிறது. அவ்விடம் 65,535 வரையே கொள்ளும். ஒரு தாங்கியில் 32 கிலோபைட் கொண்ட 17 பகுதிகள் அடங்கலாம். துண்டின் அளவு 8 பைட்டாகச் சுருங்கினால் எண்ணிக்கை 69,632 வரை ஏறி, இடம் போதாமல் சிறிய எண்ணாக மாறிவிடும். பின்னர் வரும் சரிபார்ப்பு வரி கணக்கு ஒவ்வாமை கண்டு முறைமையை நிறுத்துகிறது, அவ்வரியோ குற்றமற்றது.

இக்குறை 2009இல் வெளியான 2.6.29ஆம் பதிப்பிலேயே இருந்தது. இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்தின்படி நோக்கினால், பத்தாண்டுக்குப் பின் நேர்ந்தது பிறப்பன்று, வெளிப்பாடே. குடத்துக்கு மண் முதற்காரணமும், சக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆவது போல, இங்கே ஒடுங்கிய 16 பிட் இடம் முதலாகவும், துண்டுகளைச் சேர்க்கும் செயல் துணையாகவும், தீய நோக்குடன் அனுப்புபவர் நிமித்தமாகவும் அமைகின்றனர். திருத்தியவர்கள் இடத்தை விரிக்கவில்லை. எல்லை மீறும் சேர்ப்பை மறுத்தனர். மண் அப்படியே இருக்கச் சக்கரமே கட்டுப்பட்டது.

ஆயினும் ஒப்புமை உரையளவையில், அதாவது நூலின் வாக்கைச் சான்றாகக் கொள்ளும் வழியில், நின்றுவிடுகிறது. சைவருக்கு ஆகமம் இறைவன் வாக்காதலின் குற்றமற்றது. மூலநிரலோ முறைமை என்ன செய்யும் என்பதற்கு இறுதிச் சான்றாயினும், எழுதியவர் எண்ணியதற்கும் எழுதியதற்கும் இடைப்பட்ட பிழையைத் தன்னுள்ளேயே சுமப்பது. ஆகவே அதனைப் படிப்பவர் அதனை நம்பியும் ஐயுற்றும் படிக்க வேண்டியவராகிறார். அவ்வையத்திற்கு எல்லார்க்கும் இடம் தருவதே மூலநிரலைத் திறந்துவைப்பதன் பொருள்.