எல்லை வகுக்கும் கை

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில், பால்வண்ணநாதர் கோயிலைத் தன்னகத்தே கொண்டு அமைந்திருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். இவ்வூர் மக்கள் 2011 அக்டோபரில் தங்கள் ஊராட்சிக்கு வாக்களித்தனர். அடுத்து அவர்கள் ஊராட்சிக்காக வாக்குச்சாவடி சென்றது 2021 அக்டோபரில். இடைப்பட்ட பத்தாண்டுகளில் முதல் ஐந்து, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம். பிந்திய ஐந்து, தனி அலுவலரின் காலம். போரோ பஞ்சமோ வெள்ளமோ இதற்கு முதற்காரணமன்று. எந்தத் தெரு எந்த வார்டைச் சேர்ந்தது, எந்த இடம் யாருக்கு உரியது என்னும் வினாவே ஐந்தாண்டுகளை விழுங்கிற்று.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த தேர்தலை, பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 2017-இல் மறுவரையறை ஆணையம் ஒன்று சட்டத்தின் வழி அமைந்து, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுகளைத் திருத்தியது. அப்பணி முடிந்து தேர்தல் நெருங்கிய வேளையில், 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் தனியே பிரிந்தது. மாவட்டமே புதிதானபின் பழைய மாவட்ட ஊராட்சியின் வார்டுகள் எவ்வாறு பொருந்தும்? டிசம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், பிரிந்தும் பிரிக்கப்பட்டும் உருவான ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடிந்த பின்னரே தேர்தல் என்றது. ஏனைய 27 மாவட்டங்களின் சிற்றூர்கள் அம்மாத இறுதியிலேயே வாக்களித்துவிட்டன. நம் பகுதி மேலும் ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்தது.

இதில் யாரைக் குறைகூறுவது? எல்லையைச் செம்மைப்படுத்தாமல் வாக்கெடுப்பதில் பொருளில்லை என்றோர் பொய் சொல்லவில்லை. ஊருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் ஆண்டுகள் கழிகின்றனவே என்று வருந்தியோரும் பொய் சொல்லவில்லை. சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடிய செயலைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். பல ஊராட்சிகளை ஒரே அலுவலர் மேற்பார்த்த அந்த ஐந்தாண்டுகளில், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட வேண்டியவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அலுவலர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் அவர் பக்கத்துத் தெருக்காரர் அல்லர். அடுத்த தேர்தலில் நம்மிடம் வந்து நிற்க வேண்டியவரும் அல்லர். ஆகவே எல்லைக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்துப் பெறும் எல்லை, கொடுத்த விலைக்கு ஈடாக நேர்மையானதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது.

அந்த நேர்மை எதில் இருக்கிறது? முதல் விடை எளிது: எண்ணிக்கையில். ஊராட்சி ஒன்றியத்தில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் உறுப்பினர், மாவட்ட ஊராட்சியில் 50,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பது தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994 தரும் அளவு. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தமும், மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் எங்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. இயன்றவரை என்ற சொல்லையும் உடன் சேர்க்கிறது. நாம் இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கணக்கில் வருவது வாக்காளர் அன்று, மக்கள். தொட்டிற் குழந்தையும் ஒரு தலை. வாக்குச் சீட்டைப் பிடிக்க இயலாத முதியவரும் ஒரு தலை. வாக்களிக்காதவரையும் எண்ணித்தான் உறுப்பினர் இடம் பிறக்கிறது. இதை நினைவிற் கொண்டு பணியாற்றும் உறுப்பினர் எத்தனை பேர் என்று கேட்டால் நமக்கே சங்கடம்.

ஆனால் எண்ணிக்கை முதுமையடைகிறது. 2021-இல் வாக்களித்தோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி வகுத்த வார்டுகளில் வாக்களித்தனர். 2011-இல் எட்டு வயதுச் சிறுவனாக எண்ணப்பட்டவன் 2021-இல் வாக்காளன். அன்று எண்ணப்பட்ட குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கோ கோவைக்கோ சென்றிருக்கலாம். எண் மட்டும் ஊரிலேயே தங்கியிருக்கும். 2021-இல் எடுக்கப்பட வேண்டிய கணக்கும் உரிய ஆண்டில் எடுக்கப்படவில்லை. இங்கிலாந்தில் பழைய சாரம் என்ற இடம் குடியிருப்பே அற்றுப் போன பின்னும் 1832 வரை நாடாளுமன்றத்திற்கு இருவரை அனுப்பிக்கொண்டிருந்தது. நம் நிலை அத்தனை கேலிக்குரியதன்று. எனினும் அங்கும் இங்கும் வேர் ஒன்றுதான்: ஊர் நகர்ந்துவிடுகிறது, கோடு நகர்வதில்லை.

எண்ணிக்கைக்கு அப்பால் உள்ள வினா கடினமானது. ஐயாயிரம் என்பதை எப்பக்கம் கூட்டுவது, எப்பக்கம் கழிப்பது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1812-இல் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்பமிட்ட தொகுதி வரைபடம் உடும்பைப் போல் நெளிந்திருந்தது. தம் கட்சிக்கு ஏற்ப வளைக்கப்பட்ட எல்லைக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. எண்ணிக்கை சரியாக இருந்துகொண்டே நெஞ்சம் கோணலாக இருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

நம் ஊர்களில் இது கட்சிக் கணக்கோடு நிற்பதில்லை. ஓர் ஊராட்சியில் தலித் மக்கள் வாழும் தெருக்கள் ஊரின் ஒரு கோடியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒரே வார்டாகத் திரட்டினால் அவர்களுக்கு ஓர் இடம் உறுதி; ஆனால் ஏனைய வார்டுகளின் உறுப்பினர்கள் அத்தெருவுக்குள் கால்வைக்க வேண்டிய தேவையே இராது. மாறாக, தெருவுக்கொன்றாகப் பிரித்து நான்கு வார்டுகளில் சேர்த்தால், நால்வரும் அவர்களிடம் வாக்குக் கேட்டு வருவர். ஆனால் நான்கிலும் அவர்கள் சிறுபான்மையினராவர். எது நீதி? ஆளும் கையின் நோக்கத்தை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரே கோடு ஓரூரில் காவலாகவும் மற்றோர் ஊரில் வேலியாகவும் அமைகிறது. சட்டம் தனி இடங்களை ஒதுக்கியது இதனால்தான். அதுவும் எளிதில் நிறைவேறிவிடவில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி உண்மையில் நிரம்புவதற்கு 2006 ஆயிற்று. தாளில் எழுதிய இடம் நாற்காலியாவதற்குப் பத்தாண்டு!

எல்லை வகுப்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? விவிலியத்தில் யோசுவா நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இன்னும் நிலம் பெறாத ஏழு குலங்கள். குலத்திற்கு மூவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் நாடெங்கும் நடந்து, ஊர் ஊராகக் குறித்து, ஏழு பங்காக எழுதிக் கொணர்கின்றனர். அதன் பின்னரே சீலோவில் சீட்டுப் போடப்படுகிறது. நாம் இதைப் பக்தியோடு வாசித்துக் கடந்து விடுகிறோம். இதன் நுட்பத்தை நின்று பார்ப்பதில்லை. அளந்தவர்கள் நிலத்தை நடந்து அறிந்தவர்கள். ஆனால் தம் பங்கு எதுவென அறியாதவர்கள். நம் மேசைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக அமைகிறது. ஓடையைக் கடந்துதான் வாக்குச்சாவடி செல்ல வேண்டும் என்பதை அறியாத கை கோடு கிழிக்கிறது. அக்கோட்டால் யாருக்கு ஆதாயம் என்பதை நன்கறிந்த கை அதன் அருகே நிற்கிறது.

நம் நாட்டிலும் அத்தகைய அறியாமையைப் போற்றிய முறை இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய வார்டுதான். ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவன் கையால் எடுக்கச் செய்தனர். அழகிய ஏற்பாடு. ஆனால் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். குடத்திற்குள் நீதி இருந்தது. குடத்தில் விழாத பெயர்களைப் பற்றிக் கல்வெட்டு கவலைப்படவில்லை. இதனை மேடைகளில் முழங்குவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

ஓலை என்றதும் கரிவலம்வந்தநல்லூரே மீண்டும் நினைவுக்கு வருகிறது. பாண்டியருடைய ஏடுகள் இவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று உ. வே. சாமிநாதையர் தேடி வந்தார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடுவதே ஆகம முறை என்று எவரோ கூற, அவ்வாறே செய்து முடித்திருந்தனர். பகைவர் எரிக்கவில்லை, விதியைப் பழுதின்றிக் கடைப்பிடித்தவர்களே எரித்தனர். தமிழ் இழந்தது எதுவென்று இனி யாரும் அறியப்போவதில்லை. விதிப்படி நடந்தது என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த நெய்மணம் வீசுகிறது.

2017 டிசம்பர் இறுதியில் மறுவரையறை வரைவு வெளியிடப்பட்டதும் விதிப்படியே. மறுப்புக் கூற முதலில் அளிக்கப்பட்டவை சில நாட்கள். பின்னர் சற்றே நீட்டப்பட்டன. கிறிஸ்து பிறப்புக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் நம்முள் எத்தனை பேர் ஊராட்சி அலுவலகச் சுவரருகே சென்று நின்றோம்? தெருப்பெயர்கள் நெருக்கி அச்சிட்ட அந்தத் தாளில் நம் தெரு எங்கே இருக்கிறதென்று தேடியவர் சிலர் இருந்திருக்கலாம். பக்கத்துத் தெரு எந்த வார்டில் போயிற்று என்று தேடியவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.