அருகிருப்போர்க்கு ஓர் இருக்கை

முனிவர்க்குச் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். இல்லத்தில் படுத்துவிட்ட முதியோரைக் காப்பவரையும் அப்பெயராலேயே நாம் போற்றுகிறோம். ஆயினும், அப்போற்றுதலைக் கொண்டே அவர்தம் வாயை அடைத்தும் விடுகிறோமோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. "புண்ணியம் செய்கிறாய் அம்மா" என்போர் பலர், "நீ கண்டறிந்தது என்ன?" என்று கேட்போர் அரியர்.

ஊதியமின்றி நோயாளியைக் காப்பவர்க்கு, மருத்துவப் பணிகளை வகுக்கும் இடத்தில் பேச உரிமை உண்டா?

எம் மாமியார் 1996இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். ஏழாண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். மருத்துவமனையிலிருந்து அனுப்பிய நாளில், மாலை ஆறு மணிக்கு ஒரு தாளைக் கையில் தந்தனர். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊட்டுவது எவ்வாறு என்று ஒருவரும் காட்டவில்லை. வீட்டில் யார் இருக்கிறார் என்றும் வினவவில்லை. யாமோ காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியவர். தலையை உயர்த்தி வைத்தே ஊட்ட வேண்டும், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இடுப்பின் அடியில் தோல் சிவக்கும்போதே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்பனவெல்லாம் யாம் பட்டறிந்து கற்றவை. அவற்றுட் சிலவற்றை எம் மாமியாரின் உடம்பு விலை கொடுத்துக் கற்பித்தது. முதல்நாளே எம்மிடம் நான்கு கேள்வி கேட்டிருந்தால் அவ்விலை குறைந்திருக்கும்.

ஸ்காட்லாந்து நாட்டில் 2016ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 2018 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தினர். நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் அவரைக் காக்கப்போகிறவரையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் சேர்த்து நடத்த அமைந்த வட்டாரக் குழுக்களில் இத்தகையோருக்கு ஓர் இருக்கை தந்தனர். ஆனால் வாக்குத் தரவில்லை. பொறுப்பேற்போர்க்கே வாக்கு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம், முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும், இரவெல்லாம் விழித்திருப்பவரைவிடப் பொறுப்பேற்றவர் யார்? நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் பராமரிப்போர் சார்பினரையும் உறுப்பினராக்கியது. பக்கவாதமும் முதுமையும் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இருக்கை தந்தால் மட்டும் போதுமா? காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று அழைப்பு வரும். அந்நேரம் படுக்கையருகே யார் இருப்பது? அழைப்போடு மாற்றாள் ஒருவரையும் வழிச்செலவையும் அனுப்பாவிடில், வரக்கூடியவர் மட்டுமே வருவர். மிகக் கடுமையாக உழைப்பவர் வரமாட்டார். (ஆசிரியர் கூட்டங்களை விடுமுறை நாளில் வைத்தால் எந்த ஆசிரியைகள் வந்தனர் என்பதை யாம் அறிவோம்.)

இன்னுமொன்று உண்டு. அதைச் சொல்ல எமக்கே கூச்சம். வீட்டுக்கு வரும் மருத்துவர், "இரவு தூங்குகிறாரா?" என்று கேட்பார். மாமியாரின் நா மெல்லத்தான் அசையும். ஆகவே யாமே முந்திக்கொண்டு, "தூங்குவதில்லை ஐயா" என்போம். தூக்க மாத்திரை எழுதுவார். இப்படியே இரண்டாண்டுகள் சென்றன. ஒருநாள் மாமியார் எம் மணிக்கட்டைப் பற்றி, "நான் சொல்றேன்" என்றார். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. இரவில் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக யாம் ஏற்றி வைத்த விளக்கு அவர் கண்ணில் நேராக விழுந்ததாம்!

காப்பவரின் குரலும் நோயாளியின் குரலும் ஒன்றல்ல. மேற்சொன்ன ஸ்காட்லாந்துக் குழுக்களிலும், நம் நாட்டு ஆணையத்திலும் இருவர்க்கும் தனித்தனியே இடம் வைத்திருப்பது எமக்கு நிறைவு தருகிறது. நா மெல்ல அசைபவர்க்காகக் கூட்டத்தின் நேரத்தையும் சற்று நீட்டி வைக்கட்டும்.